நடுவில் அறுந்த இசை
ஜப்பானியப் பிள்ளைகள் கேட்டதை அமெரிக்கப் பிள்ளைகள் கேட்கவில்லை. ஹைதராபாத் பிள்ளைகள் கேட்டதோ மூன்றாவது ரகம். பழைய வீடியோ கேம் பெட்டிகளில் காணாமல்போன ஒலியை ஒரு துண்டு ஒயரும் ஒரு ரெசிஸ்டரும் மீட்டுத் தருகின்றன.

தார்நாகாவில் தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன பிள்ளை இருந்த வீடென்றால் பரணில் தேடிப் பார்க்கலாம். பழைய சூட்கேஸுக்கும் பழுதான ஸ்டெபிலைசருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் பெட்டி அகப்படும் வாய்ப்பு உண்டு. மேலே சாமுராய் என்றோ மீடியா என்றோ லிட்டில் மாஸ்டர் என்றோ பெயர் இருக்கும். ஒயர் முறுக்கிக்கொண்ட இரண்டு கன்ட்ரோலர்கள். ஒரு கைப்பிடி கேசட்டுகள். கேட்ரிட்ஜ் என்பது கம்பெனி வைத்த பெயர். இங்கே யாரும் அப்படிச் சொன்னதில்லை. படம் வராவிட்டால் வாயால் ஊதிவிட்டுத் திரும்பச் சொருக வேண்டிய சாமான் எதுவோ அது கேசட்தான்.

இந்தப் பெட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே ஒரே மூலத்தின் நகல்கள். ஜப்பானின் நின்டென்டோ 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம்தான் அந்த மூலம். நகலெடுத்தவர்கள் உள்ளே இருந்த சிப்பை மட்டும் பார்த்துச் செய்யவில்லை. கேசட் சொருகும் வாயையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானில் 60 பின்கள், இங்கேயும் 60 பின்கள்.

செகந்திராபாத் பக்கம் அமெரிக்காவில் சொந்தக்காரர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விடுமுறைக்கு வரும் சித்தப்பா அங்கிருந்து சாம்பல் நிறத்தில் பெரிய கேசட் ஒன்றை வாங்கி வந்து கொடுத்தால் வந்தது வில்லங்கம். அது இந்தப் பெட்டிக்குள் நுழையாது. அமெரிக்காவில் 1985 அக்டோபரில் விற்பனைக்கு வந்த நின்டென்டோ பெட்டிக்கு, அதாவது என்.இ.எஸ்.ஸுக்கு, 72 பின்கள். விளையாட்டு அதேதான், சிப்பும் கிட்டத்தட்ட அதேதான், வாய் மட்டும் வேறு. இடையில் ஒரு அடாப்டர் வேண்டும். ஒரு பக்கம் 72, மறுபக்கம் 60. நடுவில் இந்தப் பின்னை அந்தப் பின்னோடு சேர்க்கும் செப்புக்கோடுகள். பெரிய வித்தை ஒன்றும் இல்லாத பலகை.

ஆனால் அந்தப் பலகையைச் செய்பவர் ஒரு விஷயத்தை மறந்தால் மரியோ ஓடுவார், குதிப்பார், காசு எடுப்பார். சத்தம் மட்டும் வராது.

காரணம், ஃபேமிகாமில் ஒலி போகும் பாதை. பெட்டிக்குள் இருக்கும் சி.பி.யு.வே பாட்டையும் உண்டாக்குகிறது. அந்த ஒலி நேராக டி.வி.க்குப் போவதில்லை. முதலில் 45-வது பின் வழியாக வெளியேறிக் கேசட்டுக்குள் போகிறது. அங்கிருந்து 46-வது பின் வழியாகத் திரும்பி வந்து, அதன் பிறகுதான் டி.வி.க்குப் போகிறது. சாதாரணக் கேசட்டுகளில் இந்த இரண்டு பின்களையும் ஒரு சின்னக் கோடு இணைத்துவிடுகிறது. போன ஒலி போன படியே திரும்பும். அமெரிக்கக் கேசட்டில் இந்த இரண்டு பின்களே கிடையாது என்பதால் அடாப்டர்தான் அந்தக் கோட்டைப் போட வேண்டும். போடாவிட்டால் ஊமைப்படம்.

எதற்காக இந்தச் சுற்றுவழி? கேசட் தன் பங்குக்கு எதையாவது சேர்த்துப் பாடட்டும் என்பதற்காகத்தான். ஃபேமிகாமின் சொந்தக் குரல்கள் ஐந்து. இரண்டு சதுர அலைகள், தாழ்ந்த சுருதிக்கு ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு இரைச்சல் ஒன்று, பதிவு செய்த சின்னச் சின்ன ஒலித் துணுக்குகளுக்கு ஒன்று. இந்த ஐந்தை வைத்துக்கொண்டே ஜப்பானிய இசையமைப்பாளர்கள் அமர்க்களப்படுத்தினார்கள். போதாதென்று நினைத்த கம்பெனிகள் கேசட்டுக்குள்ளேயே கூடுதல் ஒலிச் சிப்பை வைத்தன. கோனாமி 1989 கடைசியில் ஜப்பானில் வெளியிட்ட 'அகுமாஜோ டென்செட்சு' கேசட்டில் வி.ஆர்.சி.6 என்ற சிப் இருந்தது. அது மேலும் இரண்டு சதுர அலைகளையும் ரம்பப்பல் போன்ற ஒரு அலையையும் சேர்த்துக் கொடுத்தது. ஆக எட்டுக் குரல்கள். 1991-ல் அதே கோனாமியின் 'லக்ராஞ்ச் பாயின்ட்' இன்னும் ஒரு படி மேலே போய் ஆறு குரல் கொண்ட எஃப்.எம். சிப்பையே கேசட்டுக்குள் அடைத்தது. அது யமஹாவின் சின்தசைசர் சிப் ஒன்றின் வழித்தோன்றல். சன்சாஃப்ட் 1992-ல் வெளியிட்ட 'கிம்மிக்' விளையாட்டில் மூன்று கூடுதல் குரல்கள். மசாஷி ககேயமா அமைத்த இசை அது. வாத்தியம் மூன்று கூடியதும் கச்சேரியே மாறிவிட்டதைக் கேட்டவர்கள் உணர முடியும்.

ஜப்பானுக்கு வெளியே யாரும் இதைக் கேட்கவில்லை என்பதுதான் சோகம்.

அமெரிக்கப் பெட்டியை வடிவமைத்தபோது நின்டென்டோ கேசட் வாயிலிருந்து அந்த இரண்டு ஒலிப் பின்களையும் எடுத்துவிட்டது. வேறு 14 பின்களைச் சேர்த்தது. அறுபதில் இரண்டு போய் பதினான்கு கூடினால் எழுபத்திரண்டு. புதிதாக வந்தவற்றில் நான்கு, போலிக் கேசட்டுகளைத் தடுக்கும் பூட்டுச் சிப்புக்கு. மீதிப் பத்தும் பெட்டியின் அடிவயிற்றில் இருந்த 48 பின் இணைப்புக்குப் போயின. வருங்காலத்தில் ஏதாவது துணைக்கருவி வந்து கீழே ஒட்டிக்கொள்ளும், அதன் வழியே ஒலியையும் கொண்டு போகலாம் என்று வாசலைத் திறந்து வைத்தார்கள். அந்த வாசலுக்கு நின்டென்டோ எதையுமே விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. பிளாஸ்டிக் மூடியோடு அது அப்படியே கிடந்தது.

விளைவு? 'அகுமாஜோ டென்செட்சு' 1990-ல் 'காசில்வேனியா 3' என்ற பெயரில் அமெரிக்கா போனபோது இசையை ஐந்து குரல்களுக்குள் சுருக்கி மறுபடி எழுத வேண்டியிருந்தது. வயலின், மிருதங்கம், கடம், தம்புராவோடு பாடிப் பழகியவரை அடுத்த ஊரில் வெறும் சுருதிப்பெட்டியோடு மேடையேற்றிய கதை. இதில் வேடிக்கை வேறு இருக்கிறது. அமெரிக்கக் கேசட்டில் வைத்த எம்.எம்.சி.5 என்ற சிப்பிலும் கூடுதல் குரல்கள் இருந்தன. பாடத் தெரிந்த சிப்தான். ஆனால் அதன் குரல் வெளியே வர வழியில்லை. 'கிம்மிக்' 1993-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளுக்குப் போனபோதும் இதே கதிதான்.

பல வருடங்களுக்குப் பிறகு, ஜப்பானியக் கேசட்டுகளைத் தேடி வாங்கி அமெரிக்கப் பெட்டியில் சொருகிப் பார்க்கும் பித்தர்கள் பெருகினார்கள். அவர்களுக்கு வேண்டியது எதிர்த்திசை அடாப்டர்: இந்தப் பக்கம் 60, அந்தப் பக்கம் 72. அதை முதலில் செய்தது நின்டென்டோவேதான். 1985-ல் அவசரத்தில் கடைக்கு அனுப்பிய முதல் கேசட்டுகள் சிலவற்றுக்குள், குறிப்பாக பொம்மை ரோபோவோடு வந்த 'ஜைரோமைட்' கேசட்டுக்குள், ஜப்பானியப் பலகையையே வைத்து ஒரு அடாப்டரையும் மாட்டி மூடியிருந்தார்கள். சேகரிப்பாளர்கள் அந்தக் கேசட்டை மலிவாக வாங்கி, திருகைக் கழற்றி, அடாப்டரை மட்டும் உருவிக்கொண்டார்கள். பூட்டுச் சிப்பும் அதிலேயே இருந்ததால் பெட்டி மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஜப்பானிய விளையாட்டுகள் ஓடின. கேசட்டுக்குள் இருந்த கூடுதல் குரல்கள் மட்டும் கேட்கவில்லை. அடாப்டரில் 46-வது பின் எங்கும் போகாமல் நின்றது.

வைத்தியம் எளிது. அடாப்டரில் அந்த 46-வது பின்னிலிருந்து ஒரு மெல்லிய ஒயரைச் சால்டர் செய்து, அடிவயிற்று இணைப்புக்குப் போகும் பத்துப் பின்களில் ஒன்றோடு சேர்க்க வேண்டும். 72-ல் 54-வது பின் என்பது இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்ட மரபு. பிறகு பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அந்தப் பயன்படாத வாசலில் 3-வது பின்னுக்கும் 9-வது பின்னுக்கும் நடுவே 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட வேண்டும். மஞ்சள், ஊதா, ஆரஞ்சு கோடுகள் போட்ட, அரிசி மணியை விடச் சற்றுப் பெரிய சாமான். தார்நாகாவிலிருந்து கோட்டிக்குப் போய் குஜராத்தி கல்லியில் கேட்டால் பத்தாகக் கட்டித் தருவார்கள். ஒன்றின் விலை ஒரு ரூபாயைத் தொட்டால் அதிகம். பஸ் டிக்கெட்தான் செலவு.

ஒயர் ஏறியதும் கேசட்டின் குரல் அடாப்டர் வழியே இறங்கி, அடிவயிற்றைச் சுற்றி, பெட்டியின் ஐந்து குரல்களோடு சேர்ந்து டி.வி.க்குப் போகிறது. 1980-களின் கடைசியில் ஹிடெனோரி மாஎசாவாவும் சகாக்களும் எழுதிவைத்தது அமெரிக்கப் பெட்டியில் முழுசாக ஒலிக்கிறது.

முழுசாக என்றாலும் அச்சு அசலாக அல்ல. இங்கேதான் வாக்குவாதம் ஆரம்பம். ஜப்பானியப் பெட்டியில் இரண்டு ஒலியும் கலப்பது கேசட்டுக்குள். எவ்வளவு கலப்பது என்பதைக் கேசட் செய்தவரே அளந்து வைத்திருப்பார். அடாப்டர் வழியில் கலப்பு நடப்பது பெட்டிக்குள். அளவை நிர்ணயிப்பது அந்த ஒற்றை ரெசிஸ்டர். கோனாமி கேசட்டுக்குப் பொருந்தும் 47 கிலோ ஓம், சன்சாஃப்ட் கேசட்டில் கூடுதல் குரல்களைத் தூக்கலாக்கிவிடுகிறது. பக்கவாத்தியம் பாடகரை அமுக்குவதைப் போல. அதனால் பலர் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, திருகினால் மாறும் பாட் ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். கேசட்டுக்குக் கேசட் திருகிக்கொள்ளலாம். எது சரியான அளவு என்று கேட்டால் அசலே ஒரே மாதிரி இல்லை என்பதுதான் பதில். ஃபேமிகாமின் வெவ்வேறு மாடல்களிலேயே இந்த விகிதம் வேறுபடுகிறது.

ஒலிக்காக அடாப்டரின் வயிற்றைக் கிழிப்பது இந்த ஒரு பெட்டியோடு நிற்கவில்லை. 1994-ல் நின்டென்டோ 'சூப்பர் கேம் பாய்' என்று ஒரு அடாப்டர் வெளியிட்டது. கையில் வைத்து விளையாடும் கேம் பாயின் கேசட்டை அதில் மாட்டி, சூப்பர் நின்டென்டோ பெட்டியில் சொருகினால் டி.வி.யில் விளையாடலாம். கேம் பாயின் மூளையே அடாப்டருக்குள் இருந்தது. ஆனால் அந்த மூளைக்குத் துடிப்பைக் கொடுக்கத் தனி கிரிஸ்டல் வைக்காமல், பெட்டியின் கடிகாரத்திலிருந்தே ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள். மிச்சமானது ஒரு கிரிஸ்டலின் விலை. நேர்ந்தது, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் எல்லாமே 2.4 சதவீதம் வேகமாக ஓடியது. சுருதியும் அதே விகிதத்தில் ஏறியது. கட்டைக் கணக்கில் சொன்னால் அரைக் கட்டையில் பாதியை எட்டாத ஏற்றம். விளையாடுகிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் சரியான சுருதியில் ஒரு கீபோர்டு வாசித்தால் உடனே பல் கூசும்.

கேம் பாயையே வாத்தியமாக வைத்துப் பாட்டுக் கட்டும் ஒரு கூட்டம் உலகெங்கும் இருக்கிறது. இந்தச் சுருதிப் பிசகு அவர்களுக்குப் பெரிய தலைவலி. அவர்கள் செய்த காரியம், அடாப்டரில் பெட்டியின் கடிகாரம் வரும் வழியை அறுத்துவிட்டு 20.97152 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் ஒன்றை வைப்பது. ஐந்தால் வகுத்தால் கேம் பாயின் சரியான துடிப்பு. நின்டென்டோவே 1998-ல் ஜப்பானில் மட்டும் விற்ற இரண்டாவது மாடலில் தனி கிரிஸ்டல் வைத்துத் தவறைத் திருத்திக்கொண்டது.

சேகா கதை இந்தியாவுக்கும் கொஞ்சம் சம்பந்தப்பட்டது. மதுபானத்துக்குப் பெயர்போன ஷா வாலஸ்தான் 1995-ல் சேகா பெட்டிகளை இங்கே விற்க வந்தது. சேகா மாஸ்டர் சிஸ்டத்தின் 1987 ஜப்பானிய மாடலில் யமஹாவின் எஃப்.எம். ஒலிச் சிப் உள்ளே இருந்தது. ஏற்றுமதி மாடலில் அதை நீக்கிவிட்டார்கள். ஏற்றுமதியான சில கேசட்டுகளில் அந்த எஃப்.எம். இசை பத்திரமாக எழுதப்பட்டே இருந்தது, வாசிக்கத்தான் ஆளில்லை. மெகா டிரைவ் பெட்டியில் மாஸ்டர் சிஸ்டம் கேசட்டை ஓட்ட ஒரு அடாப்டர் உண்டு. அந்த அடாப்டரிலேயே யமஹா சிப்பையும் வைத்து, மெகா டிரைவின் கேசட் வாயில் உள்ள ஒலிப் பின்களில் இணைத்துவிடும் பலகைகள் பின்னாளில் வந்தன. நின்டென்டோ அடைத்த வழியைச் சேகா திறந்தே வைத்திருந்தது.

சரி, தார்நாகா பரணில் கிடைத்த பெட்டி?

அதற்கு 60 பின் வாய். அமெரிக்கப் பிள்ளைக்கு இல்லாத ஒலி வழி, ஹைதராபாத் பிள்ளையின் மலிவுப் பெட்டியில் குறைந்தபட்சம் வாய் வரைக்குமாவது இருந்தது. வழி இருந்து என்ன, வரவேண்டியவர் வரவில்லை. கடைத்தெருவில் கிடைத்த கேசட்டைத் திறந்தால் சிப்பே கண்ணில் படாது. பலகை மேல் ஒரு சொட்டுக் கறுப்புப் பிசின்தான் இருக்கும். லேபிளில் 9999 விளையாட்டுகள் என்று போட்டிருக்கும், எண்ணினால் பத்து தேறும். அவற்றுக்குள் கூடுதல் ஒலிச் சிப் வைக்க யாருக்கும் அவசியம் இல்லை.

இந்தப் பெட்டிகள் வேறு இரண்டு விதத்தில் இசையை மாற்றின. இந்திய டி.வி. பால் முறை, விநாடிக்கு 50 படங்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. விளையாட்டின் பாட்டு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி என்று நகர்வதால், அங்கே 60 விநாடியில் முடியும் பாட்டு இங்கே 72 விநாடி இழுத்தது. தைவானின் யு.எம்.சி. நிறுவனம் பால் நகல் பெட்டிகளுக்கென்று செய்த சிப்பில் சுருதி மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நின்றது: 1.79 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 1.77. ஐரோப்பாவுக்கு நின்டென்டோ அனுப்பிய அசல் பால் பெட்டி 1.66-ல் ஓடியதால் அங்கே பாட்டு மெதுவானதோடு சுருதியும் அரைக் கட்டைக்கு மேல் இறங்கியது. அசலை விட நகல் சுருதி சுத்தம். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாவது மாற்றம் அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சதுர அலைக்கு அகலம் உண்டு. பாதி நேரம் உயர்ந்தும் பாதி நேரம் தாழ்ந்தும் இருந்தால் புல்லாங்குழல் போல உள்ளீடற்ற ஒலி. கால்வாசி நேரம் மட்டும் உயர்ந்தால் நாதஸ்வரம் போலச் சற்று கூர்மை. இந்த நகல் சிப்புகள் பலவற்றில் இரண்டும் இடம் மாறிப்போயிருந்தன. இசையமைப்பாளர் குழல் கேட்டால் பெட்டி நாதஸ்வரம் வாசித்தது, நாதஸ்வரம் கேட்டால் குழல். இதற்கு ஒயர் வைத்தியம் கிடையாது. தப்பு சிப்புக்குள் இருக்கிறது. ஆகவே ஒரு தலைமுறைக்குப் பாட்டு என்று மனதில் பதிந்திருப்பது ஆறில் ஒரு பங்கு மெதுவான, வாத்தியம் மாறிய வடிவம். இன்று யூட்யூபில் அசலைக் கேட்டதும் எங்கோ இடிக்கிறதே என்று தோன்றினால் காது கெட்டுவிட்டதென்று அர்த்தமில்லை.

ஆனாலும் விடுபட்ட குரல்களை அந்தப் பெட்டியில் கேட்க முடியுமா என்றால், முடியும். ஜப்பானியக் கேசட் ஒன்றை வரவழைத்தால் அடாப்டர் இல்லாமலே அது நுழையும். குரல் வருகிறதா என்பது பெட்டியைப் பொறுத்தது. சிலவற்றில் 45-ம் 46-ம் ஒழுங்காக இணைத்திருப்பார்கள். சிலவற்றில் ஒலியைக் கேசட் பக்கமே அனுப்பாமல் நேராக டி.வி.க்கு விட்டிருப்பார்கள். திறந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தேடுவது சிரமமில்லை: இரண்டாம் வரிசையில் 15-வதும் 16-வதும், கிட்டத்தட்ட நட்டநடு. இணைப்பு இல்லையென்றால் 46-லிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக ஒலி வெளியேறும் இடத்துக்கு ஒயர் இழுக்க வேண்டும். அங்கும் அதே 47 கிலோ ஓமில் ஆரம்பித்து, காதை வைத்து ஏற்றி இறக்கிக்கொள்வதுதான் வழக்கம்.

அசல் கேசட் வாங்குவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. உக்ரைனைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ஒருவரின் எவர்டிரைவ் போன்ற மெமரி கார்டு கேசட்டுகள் வி.ஆர்.சி.6 முதலிய சிப்புகளைத் தாமே பாவனை செய்து பாடுகின்றன. 60 பின் வடிவமும் உண்டு, 72 பின் வடிவமும் உண்டு. 72 பின் வடிவத்தை வாங்குகிறவர் அப்போதும் பெட்டியைக் கவிழ்த்து அடிவயிற்றில் அந்த ரெசிஸ்டரைப் போட்டே ஆக வேண்டும். சால்டர் தெரியாதவர்களுக்கு அந்த வாசலில் அப்படியே சொருகிவிடும் சின்னப் பலகைகளும் கிடைக்கின்றன. 1985-ல் திறந்த வாசலுக்குக் கடைசியில் விருந்தாளி வந்தாயிற்று.

வேலையில் இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, ஜைரோமைட் அடாப்டரோ அசல் கேசட்டோ திரும்பத் தயாராகப் போவதில்லை. ஒரு செப்புக்கோடு உரிந்து வந்தால் வந்ததுதான். சாதாரணப் பலகை ஒன்றில் கை பழகிவிட்டு, முனை மெலிந்த சால்டரிங் அயர்னோடு இதில் கை வைப்பது நல்லது. இரண்டாவது, ஊதும் பழக்கம். எச்சில் ஈரம் பின்களை அரிக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சு போதும்.

மூடியைத் திருகுவதற்கு முன் ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். 'அகுமாஜோ டென்செட்சு' முதல் கட்டத்தில் நிறுத்தி, 46-வது பின்னின் ஒயரை ரெசிஸ்டரில் தொட்டு எடுக்கிறார்கள். தொட்டால் ரம்பப்பல் அலை அடியிலிருந்து உறுமிக்கொண்டு எழுகிறது, எடுத்தால் பாட்டு மெலிகிறது. திருப்தியானதும் ஒரு சொட்டு ஈயம்.